வயலைச் சுற்றி விட்டுவைக்கும் நிலத்துக்கு ஒரு சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

கொட்டியாரத்தாள், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். இங்கே திருகோணமலையில் தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து விவசாயிகளுக்காக, வயலைச் சுற்றி விட்டுவைக்கும் நிலத்தின் நன்மை பற்றிய ஒரு சிறு கைந்நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

மூலத்தில் ‘செமி நச்சுரல் ஹபிடற்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வரம்போரப் புல், வாய்க்கால் கரை, வேலி, குளக்கட்டுக்குக் கீழே நிற்கும் மரங்கள், வயலுக்கு நடுவே உழாமல் விட்ட மேடு எல்லாம் இதில் அடக்கம். பயிர் செய்யாத நிலம், ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள நிலம். பாடநூல் வழக்கில் போனால் ‘அரை இயற்கை வாழிடம்’. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “அரை ஏக்கரா?” என்று கேட்டார்.

கோணேசர் தெருப் புலவர், செவ்வாய் காலை

மகளுக்கு, வாழிடம் என்று எழுதியது சரி. வாழ் + இடம், வினைத்தொகை. வாழ்வு + இடம் என்று பிரித்து ‘வாழ்விடம்’ ஆக்கினால் மனிதர் குடியிருப்பு போல் ஒலிக்கும். அச்சகத்தில் திருத்திவிடுவார்கள், கவனம்.

‘அரை’ வேண்டாம். அரை என்றால் இடுப்பு, அரைத்தல், பாதி. எது என்று வாசகன் நிதானிப்பதற்குள் பக்கம் திரும்பிவிடும். என் முன்மொழிவு ‘விடுகாடு’. உழவன் விட்ட காடு, விடுகிற காடு, விடும் காடு. முக்காலமும் அடங்கிவிட்டது.

காவிரிச்செல்வன், தஞ்சாவூர், செவ்வாய் காலை

ஐயா, சுடுகாடு, இடுகாடு, விடுகாடு! கைந்நூலைக் கையில் வாங்கவே யோசிப்பார்கள்.

எங்கள் பக்கம் ‘உயிர்வேலி’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கிளுவை, கள்ளி, நொச்சி நட்டு வளர்ப்பது. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

உப்பாறு, கிண்ணியா, செவ்வாய் மதியம்

உயிர்வேலி என்றால் வேலி மட்டும்தான் தம்பி. வாய்க்கால் கரைப் புல்லை எந்த வேலியில் சேர்ப்பது? இங்கே வயல்காரன் வாயில் வருவது ‘பற்றை’, புதரைத்தான் சொல்கிறேன். அதையே போடுங்கள்.

சொல்லை விடுங்கள், பொருளையும் கொஞ்சம் பாருங்கள். தங்கச்சி அனுப்பிய மாதிரிப் பக்கம் தேனீயில் தொடங்குகிறது. நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை, பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான். அதை வாசித்த வயல்காரன் “பூசணிக்காரனிடம் கொண்டுபோய்க் கொடு” என்பான். நெல்லுக்குப் பற்றையால் வருகிற நன்மை வேறு. அறக்கொட்டி என்கிற தத்துப்பூச்சி தாளின் அடியில் இருந்து சாறு உறிஞ்சுகிறது. அதைத் தின்பது சிலந்தி. அறக்கொட்டியின் முட்டைக்குள்ளேயே முட்டை இடுகிற கண்ணுக்குத் தெரியாத குளவிகளும் உண்டு. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் சிலந்தி எங்கே போகும்? வரம்புப் புல்லுக்கும் பற்றைக்கும்தான். அடுத்த போகத்துக்கு அங்கிருந்துதான் இறங்கி வரும். வரம்பைச் செதுக்கி நெருப்பு வைத்துவிட்டு, விதைத்து முப்பதாம் நாள் மருந்தும் அடித்தால் முதலில் சாகிறது சிலந்தி. தாளுக்குள் செருகி வைத்த அறக்கொட்டி முட்டை சாகாது. பொரித்து வரும்போது தின்ன ஆள் இருக்காது. நானும் ஒரு காலத்தில் அப்படி அடித்து அடித்துத்தான் இரண்டு ஏக்கர் கருகிப் போனது.

தேனீயை எடுக்கச் சொல்லவில்லை. பாகல், புடோல், பூசணி போடுகிறவர்களுக்கு அது தேவை. இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

சம்பூரான், செவ்வாய் இரவு

பற்றை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2006 இல் போரால் ஊரை விட்டு வந்தோம். பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது வயல் எது வளவு எது என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கத்தான் முதல் இரண்டு போகமும் போனது. எங்கள் ஆட்களுக்குப் பற்றை என்றால் இல்லாமல் போன வயல். டெங்கு நோட்டீசிலும் “பற்றைகளை அகற்றுங்கள்” என்றுதான் இருக்கிறது. ஒரு கையில் அந்த நோட்டீஸ், மறு கையில் “பற்றையைக் காப்போம்” என்று இந்தக் கைந்நூலா?

பனிநிலத்தான், டொரொண்டோ, புதன் அதிகாலை

இவ்வளவு நேரமாக யாரும் ‘புறவு’ என்று சொல்லவில்லையே! முல்லை நிலத்துக்குச் சங்கப் புலவர்கள் ஆண்ட சொல். புறம் என்பதிலிருந்து பிறந்தது: ஊருக்கும் வயலுக்கும் புறத்தே கிடப்பது புறவு. மருதத்தின் விளிம்பில் முல்லை வந்து தொடுகிற இடம், அதாவது திணைமயக்கம். நம் முன்னோர் இந்தச் சூழலியலை அன்றே உணர்ந்திருந்தார்கள். புறாவுக்கும் புறவு என்றே பெயர், சிபி தராசில் ஏறியது அதே பறவைக்காகத்தான். புறாவால் நிலம் பெயர் பெற்றதா, நிலத்தால் புறா பெயர் பெற்றதா என்பது தனி ஆய்வு. நான் பின்னதையே சொல்வேன். வயல் + புறவு = வயற்புறவு. எத்தனை அழகு! ‘படப்பை’ என்றொரு சொல்லும் இருக்கிறது, தோட்டத்தைக் குறிப்பது. அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

காவிரிச்செல்வன், புதன் காலை

புறவு என்று தலைப்பிட்டால் எங்கள் ஊரில் ‘புறம்போக்கு’ என்று படித்துவிடுவார்கள் அண்ணா. அது ஏற்கெனவே வசைச்சொல்லாகிவிட்டது.

கைந்நூலில் ‘பீடைகொல்லி’, ‘இரைகௌவி’, ‘பசளை’ என்றெல்லாம் பார்த்தேன். பூச்சிக்கொல்லி, இரைவிழுங்கி, உரம் என்று எழுதலாமே? பீடை வடசொல் வேறு.

கோணேசர் தெருப் புலவர், புதன் காலை

தம்பி காவிரி, பசளை இந்த நாட்டு விவசாயி கடையில் கேட்டு வாங்குகிற சொல். உங்களுக்கு ஒளிச்சேர்க்கை, எங்களுக்கு ஒளித்தொகுப்பு. நாங்கள் உங்கள் நூலைத் திருத்த வருவதில்லை.

பீடையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதை எடுத்தால் எலியையும் களையையும் சேர்த்துச் சொல்ல என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? எலி பூச்சியா?

வயற்புறவில் புணர்ச்சி குற்றமற்றது. சொல்லும் எனக்கு உவப்பே. ஆனால் தராசில் ஏறியது யார் என்பது தம்பலகாமத்து வயல்காரனுக்கு எதற்கு?

உப்பாறு, புதன் மதியம்

சிங்களத்தில் இதற்குப் பகுதி பகுதியாகப் பெயர் இருக்கிறது. குளக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவே விடுகிற மரச்செறிவு ‘கட்டகடுவ’. கட்டால் கசிகிற நீரின் உப்பை அது பிடித்துவிடும், வயலுக்கு நல்ல நீர் இறங்கும். குளத்தின் மேற்பக்க மரவரிசை ‘கஸ்கொம்மன’. பறவைகளுக்கென்றே விட்டுவைக்கும் வயல்துண்டு ‘குருளு பாளுவ’. நம் உலர்வலயத்தின் தொடர்குள முறையை 2017 இல் உலக உணவு விவசாய அமைப்பு உலக வேளாண் மரபாக ஏற்றபோது இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்த்தார்கள். கந்தளாய்ப் பக்கம் தமிழ் வயல்காரர்களும் கட்டகடுவ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். கடன் வாங்கினால் என்ன?

கொட்டியாரத்தாள், புதன் இரவு

உப்பாறு நானா, கட்டகடுவவை ஒரு பெட்டிக் குறிப்பில் அப்படியே போடுகிறேன். ஆனால் அது ஒரு பகுதிக்குத்தான் பெயர், எனக்கு எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும். வன்னியில் ‘அலைகரை’ என்பார்களே, அதுவும் குளத்தோடு நின்றுவிடுகிறது.

தேனீயை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். மூலத்தில் நல்லதொரு செய்தி இருந்தது: தாய்லாந்து, சீனா, வியட்நாம் வயல்களில் வரம்பில் எள் போன்ற பூச்செடி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். குளவிக்குத் தேன் கிடைத்து, மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியதாக 2016 இல் வெளியான ஆய்வு. எள்ளு நமக்குப் பழகிய பயிர்தானே, அதை முன்னால் கொண்டுவந்தேன்.

நாளை இரவுக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள். ‘வயலோர வாழிடம்’ என்று எழுதினால் யாருக்கு என்ன குறை?

சம்பூரான், வியாழன் காலை

எனக்கு இரண்டு குறை. வயலுக்கு நடுவே விட்ட மேடு ஓரம் ஆகாது. அடுத்தது, வாழிடம் யாருக்கு? யானைக்கும் அதுதான் வாழிடம். வெருகல் பக்கம் போய்ப் பாருங்கள், காவல் கொட்டிலில் விடிய விடிய இருக்கிறவனிடம் வாழிடம் நன்மை தரும் என்று சொல்லிப் பாருங்கள். எலியும் அந்தப் புல்லில்தான், கதிர் பால்பிடிக்கும்போது வருகிற மூட்டுப்பூச்சியும் அந்தப் புல்லில்தான். சொல்லில் இல்லாவிட்டாலும் நூலிலாவது இதை எழுதுங்கள்.

உப்பாறு, வியாழன் காலை

அவர் சொல்வது நியாயம். யானை மறைந்து நிற்கிற உயரத்துக்குக் காடு விடச் சொல்லவில்லை என்று ஒரு வரி போடுங்கள். முழங்கால் உயரப் புல் சிலந்திக்குப் போதும்.

வயலோர வாழிடம் எனக்குச் சம்மதம். மஸ்ஜித் திண்ணையில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், மூன்று பேருக்கு விளங்கிவிட்டது. நாலாவது ஆள் வீட்டுத்திட்டம் என்று நினைத்துப் பெயர் பதியக் கேட்டார்.

கோணேசர் தெருப் புலவர், வியாழன் மாலை

அப்படியே ஆகட்டும். எனக்கு விடுகாடுதான், ஆனாலும் ஆகட்டும்.

காவிரிச்செல்வன், வியாழன் மாலை

சரி. அடிக்குறிப்பில் உயிர்வேலி வந்தால் மகிழ்ச்சி.

கொட்டியாரத்தாள், வெள்ளி மதியம்

கொடுத்துவிட்டேன். ‘வயலோர வாழிடம்’, முதல் முறை வருமிடத்தில் மட்டும் “வரம்புப் புல், உயிர்வேலி, கட்டகடுவ, உழாமல் விட்ட மேடு” என்று விளக்கம். பற்றை எங்கும் இல்லை. யானைக்கு ஒரு பத்தி இருக்கிறது. அச்சுப்பிரதியில் வாழ்விடம் என்று மாற்றியிருந்தார்கள், ஏழு இடத்தில் பிடித்தேன். எட்டாவது அட்டையில் இருந்தது, அதையும் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

பனிநிலத்தான், டொரொண்டோ, சனி அதிகாலை

வேலைப்பளுவால் தாமதம், மன்னிக்கவும். படப்பை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதலில் ‘படு’ என்னும் வேரிலிருந்து தொடங்குவோம்.