கலர் கிரேடிங் கணினி: மூன்று லட்சத்தை எதில் போடுவது?

மதுரை வெட்டுமேசை:
விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் கலர் கிரேடிங், அதாவது படத்தின் நிறங்களைச் சீர்செய்யும் வேலை, செய்கிறேன். இப்போது இருப்பது இன்டெல் ஐ7-11700எஃப், 32 ஜிபி ரேம், 12 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டை. மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ பதிப்பு. சோனி ஏ7எஸ் 3 கேமராவில் எடுத்த 4கே காட்சிகளை ஓட்டினால் திக்கித் திணறுகின்றன. போதாக்குறைக்கு, போன மாதம் ஒரு வாடிக்கையாளர் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "முகமெல்லாம் பச்சையாக இருக்கிறதே, நடிகருக்குக் காமாலையா?" என்று கேட்டார். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. நல்ல கிராபிக்ஸ் அட்டையாக ஒன்று வாங்கிவிட்டால் தீருமா?

நள்ளிரவு ரெண்டர்:
தீரும். ரிசால்வ் நிறக் கணக்கு முழுவதையும் கிராபிக்ஸ் அட்டையில்தான் செய்கிறது. காலம் சார்ந்த நாய்ஸ் ரிடக்ஷன் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) ஒரு பிரேமைச் சரிசெய்ய முன்னும் பின்னும் உள்ள பிரேம்களையும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அதோடு, ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க்கும் சேர்ந்தால் 12 ஜிபி காணாமல் போய்விடும். வாடிக்கையாளர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது 'ஜிபியு நினைவகம் நிரம்பிவிட்டது' என்று திரையில் வருவதைப் போன்ற அவமானம் வேறில்லை. குறைந்தது 16 ஜிபி, முடிந்தால் அதற்கு மேல் வாங்குங்கள். மானிட்டரை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

சாம்பல் சுவர்:
வடபழனியில் பன்னிரண்டு ஆண்டுகளாக டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட், திரைப்பட நிறச்சீரமைப்பு) வேலை பார்க்கிறேன். நண்பர் சொன்னதை மறுக்கிறேன். வெட்டுமேசை அவர்களே, உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு நோய்கள்; ஒரே மாத்திரையில் இரண்டையும் ஆற்றப் பார்க்கிறீர்கள்.

முதலில் திணறல். அந்தக் கேமரா எச்.265 என்ற சுருக்க முறையில் (கோடெக்), நிறத் தகவலைக் கூடுதலாக வைக்கும் 10 பிட் 4:2:2 வடிவில் பதிவு செய்யக்கூடியது. நீங்கள் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை அட்டைகளில் அதை விரிக்கும் வன்பொருள் கிடையாது. எத்தனை ஜிபி இருந்தாலும் பயனில்லை. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல், செயலியோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் பகுதி அதைச் செய்யும். உங்கள் செயலியின் பெயரில் கடைசியாக 'எஃப்' என்று இருக்கிறதே, அதற்குப் பொருளே அந்தக் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்பதுதான். சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்த எடுத்த முடிவு, இவ்வளவு நாள் உங்களை அழவைத்திருக்கிறது.

இனிப் பச்சை முகம். அது கணினியின் வேகத்தால் வருவதல்ல, பார்க்கும் திரையால் வருவது. ஒரு கேள்வி: நீங்கள் வேலை செய்யும் அறையின் சுவர் என்ன நிறம்?

நள்ளிரவு ரெண்டர்:
4:2:2 விஷயத்தில் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள் ஐயா. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் அதற்கான வன்பொருள் வந்துவிட்டது. ஒரே அட்டையில் திணறலும் தீரும், நினைவகமும் கூடும். நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. இன்று யார் மாஸ்டர் மானிட்டரில் படம் பார்க்கிறார்கள்? பாதிப்பேர் கைப்பேசியில், அதுவும் பஸ்ஸில் வெயிலில். அவர்களுக்காக லட்ச ரூபாய்த் திரையை வைத்துக்கொண்டு 0.5 விழுக்காடு சிவப்பைத் திருத்துவது வீண் பெருமை.

சாம்பல் சுவர்:
50 வரிசையைப் பற்றிச் சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன்.

கைப்பேசி வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். ஒரு கைப்பேசி நீலமாகக் காட்டும், இன்னொன்று மஞ்சளாகக் காட்டும். நாம் நடுவில் நின்றால் இரண்டிலும் படம் தாங்கும். நாமே பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தால், பச்சையாகக் காட்டும் தொலைக்காட்சியில் முகம் கீரையாகிவிடும். அவருக்கு நடந்தது அதுதான். தொலைக்காட்சிக்கான நிறத் தரமான ரெக்.709-க்கு வெண்மை டி65 (பகலொளி வெண்மை), காமா (நடுத்தர ஒளியின் வளைவு) 2.4, உச்ச ஒளி 100 நிட் (ஒளிர்வின் அலகு). இதை அளந்து நிறுத்திய ஒரு திரை வேண்டும். விண்டோஸும் கிராபிக்ஸ் டிரைவரும் இடையில் கை வைக்காதபடி, டெக்லிங்க் போன்ற ஒரு வீடியோ வெளியீட்டு அட்டை வழியாகப் படம் அந்தத் திரைக்கு நேராகப் போகவேண்டும்.

நள்ளிரவு ரெண்டர்:
டெக்லிங்க் இல்லாமலும் முடியும். திரையின் நிறத்தை அளவிடும் கருவியால் ஒரு 3டி லட் (நிறத்தைத் திருத்தும் அட்டவணை) தயாரித்து, ரிசால்வில் படம் தெரியும் வியூவருக்கு மட்டும் அதைப் போடும் வசதி இருக்கிறது.

சாம்பல் சுவர்:
இருக்கிறது, நானும் செய்திருக்கிறேன். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) மேசைத் திரையில் நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தைப் பார்த்து, "கேமரா நகர்வு வெட்டுகிறது" என்று ஒளிப்பதிவாளரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். 60-க்குள் 24 சமமாகப் பிரியாது; குற்றம் திரையினுடையது.

ஆப்பிள் தோட்டம்:
இத்தனை பாடு எதற்கு? மேக் ஸ்டூடியோ வாங்குங்கள். அந்த 4:2:2 கோப்புகள் வெண்ணெய் போல ஓடும். ஆப்பிளின் வீடியோ வடிவமான புரோரெஸுக்குத் தனி வன்பொருளே உள்ளே இருக்கிறது.

நள்ளிரவு ரெண்டர்:
வாங்கிய அன்று இருக்கும் ரேம்தான் கடைசிவரை. பிறகு, ரிசால்வில் சரியாக இருந்த படம் குயிக்டைம் பிளேயரில் ஏன் வெளிறித் தெரிகிறது என்று இதே இடத்தில் கேட்க வருவார். வாரத்துக்கு ஒருவர் வருகிறார்.

கோவை சேமிப்பு:
டிஸ்க்கைப் பற்றி யாருமே பேசவில்லையே! யுஎச்டி (3840×2160) அளவில் புரோரெஸ் 422 எச்க்யூ, 24 பிரேமில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 318 ஜிபி. நொடிக்கு 88 மெகாபைட்தான், சாதாரண ஹார்ட் டிஸ்க்கே தாங்கும். ஆனால் படத்தை இறுதியாக முடிக்கும் ஃபினிஷிங்குக்கு விஎஃப்எக்ஸ் (காட்சி மாயம்) செய்பவர்கள் பிரேமுக்கு ஒரு கோப்பாக 16 பிட் இஎக்ஸ்ஆர் படங்களை அனுப்புவார்கள். 4096×2160 அளவில், சுருக்காமல், ஒரு பிரேம் 53 மெகாபைட். 24 பிரேமுக்கு நொடிக்கு 1.27 ஜிபி. பழைய சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியின் நொடிக்கு 550 மெகாபைட் அங்கே மூச்சு வாங்கும். வேலை நடக்கும் இடத்துக்கு அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிந்த வேலைக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இரண்டு பிரதி. யுபிஎஸ் வேண்டும் என்பதை, மின்வெட்டில் ஆறு மணி நேர ரெண்டரைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மதுரை வெட்டுமேசை:
சாம்பல் சுவர் அண்ணா, கேள்விக்குப் பதில்: வெளிர்பச்சை. வீட்டு உரிமையாளர் அடித்தது.

சாம்பல் சுவர்:
நினைத்தேன்! நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்த கண் அதற்குப் பழகிவிடும். பிறகு சரியான படமே செம்மை கலந்ததுபோல் தெரியும். கை தானாகப் பச்சையைக் கூட்டும். பளபளப்பில்லாத சாம்பல் வண்ணம் வாங்கி அடியுங்கள். திரைக்குப் பின்னால் 6500 கெல்வின் விளக்கு ஒன்று வையுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். திரையரங்குக்குப் போகும் படம் வந்தால் மட்டும், வீட்டில் முடிக்காமல் ஒரு நாள் டிஐ தியேட்டரை வாடகைக்கு எடுங்கள். திரையரங்குக்கான பி3 நிறவெளி, 48 நிட், இருட்டறை. அதை மேசையில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

மதுரை வெட்டுமேசை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில், உள் கிராபிக்ஸ் உள்ள 11700கே செயலி ஒன்று பழையதாகக் கிடைத்தது. அதே மதர்போர்டில் பொருந்தியது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) உள் கிராபிக்ஸை இயக்கியதும் திணறல் நின்றுவிட்டது. டெக்லிங்க் அட்டை, வன்பொருள் அளவுத்திருத்தம் உள்ள மானிட்டர், அளவிடும் கருவி, 2 டிபி என்விஎம்இ, யுபிஎஸ் எல்லாம் வாங்கினேன். கிராபிக்ஸ் அட்டையைத் தொடவில்லை. சுவரை நானும் தம்பியும் சாம்பலாக்கினோம். உரிமையாளர் வந்து பார்த்து, "வேலை எப்போது முடியும்?" என்று கேட்டார். அடிப்பூச்சு என்று நினைத்துக்கொண்டார்.

நள்ளிரவு ரெண்டர்:
மகிழ்ச்சி. இரவில் எடுத்த காட்சிக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போடும் நாளில் திரும்பி வாருங்கள். 12 ஜிபியைப் பற்றி அப்போது பேசுவோம்.