பிரிவு 9 இருவருக்கும் பொதுதானே, இதில் பாகுபாடு எங்கே?

மூன்றாமாண்டு மாணவன்:
இந்து திருமணச் சட்டம் பிரிவு 9 படிக்கிறேன். துணை காரணமில்லாமல் பிரிந்துபோனால், சேர்ந்து வாழ உத்தரவிடச் சொல்லிக் கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். அப்புறம் 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் சரிதா வழக்கில் இது சமத்துவத்துக்கு விரோதம் என்று எப்படிச் சொன்னது?

வக்கீலம்மா:
எழுத்தில் பாகுபாடு இல்லைதான் தம்பி. நீதிபதி பி.ஏ. சௌத்ரி பார்த்தது, சேர்ந்து வாழச் சொல்லி நீதிமன்றம் டிகிரி (தீர்ப்பாணை) கொடுத்த பிறகு நடப்பதை. இஷ்டமில்லாத வீட்டுக்குத் திரும்பிப் போய், கர்ப்பமும் ஆனால் சுமக்கப்போவது யார்? கணவனின் வாழ்க்கை பெரிதாக மாறாது, அவளுடையது தலைகீழாகிவிடும். அதனால்தான் அரசியல் சாசனத்தில் சமத்துவம் பேசும் 14ஆவது பிரிவோடு, உயிர் வாழும் உரிமையும் தனிமனித சுதந்திரமும் பேசும் 21ஐயும் சேர்த்து எடுத்தார். பிள்ளை பெறுவதா, எப்போது என்பதெல்லாம் அவளுடைய அந்தரங்கம் என்றார்.

சில மாதங்களிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் ஹர்விந்தர் கௌர் வழக்கில் நேர் எதிராகப் போனது. வீட்டுக்குள் அரசியல் சாசனத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுகிற மாதிரியாம்! கவனித்துப் பாருங்கள், இரண்டு தீர்ப்புமே அந்தரங்கத்தைத்தான் பேசுகின்றன. ஒன்றில் அது அந்தப் பெண்ணுடையது, மற்றதில் வீட்டுடையது. வீட்டுடையது என்று விட்டால், அங்கே யார் கை ஓங்கியிருக்கிறதோ அவருக்குத்தான் போய்ச் சேரும்.

ராகவன்:
மேடம், 1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவு 9 செல்லும் என்று முடித்துவிட்டதே. அதில் மனு போட்டதே மனைவிதான்.

வக்கீலம்மா:
போட்டார், சரி. என்ன ஆனது? கணவர் டிகிரிக்குச் சம்மதித்தார். ஒரு வருஷம் கழித்து, சேர்ந்து வாழவில்லை என்று அதே டிகிரியைக் காட்டி விவாகரத்து வாங்கிவிட்டார்.

குடும்பநல நீதிமன்றத்தில் நான் அடிக்கடி பார்ப்பது இது. மனைவி ஜீவனாம்சம் கேட்டால், அடுத்த வாய்தாவுக்குள் கணவர் தரப்பிலிருந்து பிரிவு 9 மனு வரும். "நான் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை" என்று காட்டத்தான். ஒருவரிடம் குறுக்கு விசாரணையில், மனைவியின் துணிமணி இருந்த பீரோ இப்போது எங்கே என்று கேட்டேன். தங்கைக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். அவர்தான் மனைவியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மனு போட்டவர்.

டிகிரி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

மூன்றாமாண்டு மாணவன்:
அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகும் சரோஜ் ராணி நிற்குமா? மாதிரி நீதிமன்றப் போட்டியில் எதிர்த்து வாதாட வேண்டும்.

வக்கீலம்மா:
நிற்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தரங்கம் தனிமனிதருடையது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியாயிற்று, அதிலிருந்து தொடங்குங்கள். திருமணத்துக்கு வெளியிலான உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை ரத்து செய்த 2018 ஜோசப் ஷைன் தீர்ப்பு அடுத்து வரட்டும். இந்தப் பரிகாரமே இங்கிலாந்துச் சரக்கு, அங்கே 1970இலேயே ஒழித்துவிட்டார்கள். அதை மட்டும் கையிலேயே வைத்திருங்கள். நடுவர் "நம் பண்பாடு" என்று ஆரம்பிக்கும்போது எடுக்கலாம்.