மோர் மிளகாயில் பூசணம்: மழைக்கு முன்னே எப்படிக் காயவைப்பது?

கேள்வி:
வணக்கம். இடம் மலேசியாவில் சுங்கை சிப்புட், தோட்டத்து வீடு. கொல்லையில் பறித்த இரண்டு கிலோ பச்சை மிளகாயை மோரில் ஊறவைத்து நாலு நாள் வெயில் காட்டினேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. டின்னில் போட்டு ஒரு வாரத்தில் காம்பு ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். கழுவி மறுபடி காயவைக்கலாமா? நவம்பர் மழை வலுக்கும் முன்னே செடியில் மிச்சம் இருக்கிற மிளகாயையும் கறிவேப்பிலையையும் எடுத்துவிடணும்.

பதில்:
கழுவ வேண்டாம் தங்கச்சி, மொத்தமும் கொட்டிடுங்க. மிளகாயில் பிடிக்கும் சில பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். கழுவினாலும் பொரித்தாலும் அது போகாது.

கோளாறு காம்படியில். அங்கே சதை தடிப்பு, விதைக் கொத்து வேற ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீறாமல் போட்டால் தோல் முதலில் முறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரத்துக்கு வழியே இல்லை.

காம்பை அரை அங்குலம் விட்டு நறுக்கி, நுனியிலிருந்து முக்கால் நீளம் கீறுங்க. கிலோவுக்குக் கல் உப்பு 100 கிராம், புளித்த கெட்டி மோர் ஒரு லிட்டர். இரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் பகலில் தட்டில் பரப்பி, ராத்திரி அதே மோரில் போடுங்க, மோர் வற்றும் வரை. அதற்குப் பிறகும் ஐந்தாறு நல்ல வெயில் வேணும். ஒடித்தால் படக்கென்று ஒடியணும், குலுக்கினால் விதை கலகலக்கணும். வளைந்தால் ஈரம் இருக்கு.

கேள்வி:
மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிக்கொள்ளுதே அக்கா. வீட்டில் அவன் (oven, சூட்டடுப்பு) இருக்கு.

பதில்:
மோர் வற்றினதும் அவனுக்கு மாற்றுங்க. 60 முதல் 65 டிகிரி, ஒரே அடுக்கு, கதவிடுக்கில் மரக்கரண்டி சொருகி ஆவி போக வழி விடுங்க. எட்டு, பத்து மணி நேரம் ஆகும், நடுவில் திருப்பணும். அவசரப்பட்டு 100க்கு ஏற்றினால் உள்ளே வெந்து, வெளியே கருகும். நன்றாக ஆறின பிறகு கண்ணாடிப் போத்தலில் போட்டு ஒரு வாரம் தினமும் பாருங்க. போத்தல் உள்பக்கம் வியர்த்தால் அன்றைக்கே திரும்ப அவனில் வைக்கணும்.

இன்னொரு பதில்:
கறிவேப்பிலையைக் காயவைத்தால் வாசனை பாதி போயிடும், ஃபிரீசர்தான் சரி. கழுவி, துணியில் பரப்பி, காற்றாடியில் சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்தி, பையில் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டுங்க. தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போடணும். வெளியே வைத்து இளகவிட்டால் கறுத்துடும். பறிக்கும்போது இலையை மட்டும் உருவாமல் கொழுந்தோடு கிளை நுனியை வெட்டுங்க, பக்கக் கிளை வெடிக்கும்.