காட்டுமன்னார்கோயில் பக்கம் அப்பா அம்மாவுக்கு வீடு பாக்குறோம், ஏரிக்கரை ஓரமா வாங்கலாமா?

வீராணத்துப்பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில வேலை பாக்குறேன், அப்பா இந்த வருஷம் ரிட்டையர் ஆகுறாங்க. அம்மா பொறந்தது வளந்தது எல்லாம் வீராணம் ஏரிப் பக்கம், இனிமே அங்கதான் இருப்பேன்னு ஒரே பிடிவாதம். மூணு மாசமா லீவு கெடைக்கிறப்பல்லாம் அலைஞ்சு ரெண்டு வீடு மனசுல நிக்குது.

ஒண்ணு டவுனுக்குள்ள பழைய ஓட்டு வீடு. திண்ணை, முற்றம், கொல்லையில கெணறு, எட்டடியிலயே தண்ணி, கயித்த முழுசா விடக்கூட வேணாம். 14 லட்சம் சொல்றாங்க, அந்தத் தெருவுக்கு ரொம்ப கம்மி. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் விக்கிறவங்க பேர்ல இருக்கு, பட்டா எங்கன்னு கேட்டா "அடிமனை கோயிலோடது, இங்க எல்லாருக்கும் அப்படித்தான்"ன்றாங்க.

இன்னொண்ணு லால்பேட்டைக்கு கெழக்கால, மாடி வீடு, கட்டி பன்னெண்டு வருஷம் ஆச்சாம், 31 லட்சம். மொட்டை மாடியில ஏறுனா ஏரி முழுக்க தெரியுது, அம்மா அங்கேருந்து எறங்கவே மாட்டேன்னுட்டாங்க. பத்திரம் பட்டா எல்லாம் சரியா இருக்கு. ஆனா உள் சுவத்துல இடுப்பு ஒசரத்துக்கு கீழ மட்டும் பெயிண்ட் புதுசா இருக்கு, மேல பழசு. அது என்னன்னு கேட்டா புரோக்கர் பேச்ச மாத்திட்டாரு. அந்தப் பக்கம் இருக்கவங்க யாராவது சொல்லுங்க.

வடவாத்துக்கரை:
தம்பி, மொதல்ல அந்த ஓட்டு வீட்ட சொல்லிடுறேன். அடிமனை கோயிலோடதுன்னா நீங்க வாங்குறது சுவரும் ஓடும்தான், மண்ணு உங்களுது இல்ல. நம்ம டெல்டா ஊருல இப்படி தெருத்தெருவா இருக்கு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, தலைமுறை தலைமுறையா வாடகை கட்டிட்டு நிம்மதியா இருக்கவங்க இருக்காங்க. ஆனா கோயில் மண்ண அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி இல்லாம யாரும் கிரயம் பண்ண முடியாது, 1959 சட்டத்துல 34வது பிரிவு, பண்ணாலும் செல்லாது. பேங்க்ல லோன் கேட்டீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. மூணு வருஷத்துக்கு ஒருக்கா வாடகை ஏறும். எங்க சித்தப்பா இதே மாதிரி ஒரு வீட்ட ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்கிட்டு சந்தோஷமா பால் காய்ச்சினாரு, ஆறே மாசத்துல பழைய ஆளு கட்டாம விட்ட வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் வந்துச்சு, அத கட்டி முடிச்சும் பேர் மாத்துறதுக்கு நடையா நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம், இன்னும் பழைய ஆளு பேர்லதான் ரசீது போடுறாங்க. அதுனாலதான் 14 லட்சம். கம்மி வெல இல்ல தம்பி, மண்ணு இல்லாத வெல.

எதுக்கு முன்பணம் குடுக்குறதா இருந்தாலும் சர்வே நம்பர வாங்கி அ-பதிவேடு பாருங்க, எந்த மண்ணு யாருதுன்னு வருவாய்த்துறை எழுதி வெச்சிருக்க கணக்கு அது, ஆன்லைன்லயே வருது. கோயில் பேர் இருக்கா, புறம்போக்குன்னு இருக்கா, அதுலயே தெரிஞ்சுரும். ஏரி, வாய்க்கா புறம்போக்குல கட்டுன வீட்டுக்கும் வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கும், அத வெச்சு ஏமாறாதீங்க. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு பாத்து தாய்ப்பத்திரத்தோட ஒத்துப் பாருங்க. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியா எடுத்து வெச்சுக்கங்க.

கொடிக்கால்:
தம்பி அந்த பெயிண்ட் கதைய நான் சொல்றேன். நான் கல்யாணம் ஆகி வந்து இருபது வருஷமா ஏரிக்கு கெழக்கால இருக்கேன். வீராணம் நெறஞ்சா 47.5 அடி, கரை இருக்குறது கெழக்க, நம்ம வீடெல்லாம் கரைக்கு கீழ. இங்க மழையே இல்லாம இருந்தாலும் ஜெயங்கொண்டம் பக்கம் கொட்டுச்சுன்னா செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியா தண்ணி ஏரிக்கு வந்துரும், கொள்ளிடத்துல இருக்க கீழணையிலேருந்து வடவாத்து தண்ணி வேற. ஏரி தாங்காதுன்னா வெள்ளியங்கால் ஓடையில தெறந்து விடுவாங்க. அது பழைய கொள்ளிடத்துல வடியணும், அங்கயும் வெள்ளம் ஏறி நின்னா எங்க வடியும்? திருநாரையூர், சர்வராஜன்பேட்டை பக்கம் வயல் எது வீதி எதுன்னு தெரியாம நிக்கும்.

2015 நவம்பர்ல ராத்திரி நாய் ஓயாம கொலைச்சுது, என்னன்னு கட்டில்லேருந்து கால கீழ வெச்சா சில்லுன்னு தண்ணி. நெல்லு மூட்டைய பரண்ல ஏத்துறதுக்குள்ள அடி மூட்டை ரெண்டு ஊறிப்போச்சு, அந்த நெல்லு மொளச்ச வாசன ஒரு மாசம் வீட்ட விட்டுப் போகல. தண்ணி வடிஞ்சப்புறம் சுவத்துல ஒரு கோடு நின்னுச்சு பாருங்க, அந்தக் கோட்டுக்குக் கீழ எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாலும் உப்பு பூத்து உரியும். உங்க புரோக்கர் பேச்ச மாத்துனது அதுக்குத்தான்னு எனக்குத் தோணுது.

பக்கத்து வீட்ல கேளுங்க, பெரியவங்க யாரும் மறைக்க மாட்டாங்க. மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச் எல்லாம் தலைக்கு மேல இருக்கான்னு பாருங்க. வாசப்படி ரோட்ட விட எத்தன அடி ஒசரம்னு டேப் வெச்சே அளங்க, ஒவ்வொரு தடவ தார் போடுறப்பவும் ரோடு ஏறும், வீடு ஏறாது.

வர வேணாம்னு சொல்லல. தை மாசம் வந்து பாருங்க, கரையில சாயங்காலம் அடிக்கிற காத்துக்கு, உயிரோட துள்ளுற கெண்டைக்கு, கொல்லையில பறிச்ச வெத்தலைக்கு எந்த ஊரும் ஈடு இல்ல. கோடையில ஏரி வத்தி மாடு மேயும், அதையும் அம்மா பாத்துருப்பாங்க.

மீன்சுருட்டி:
ஆஸ்பத்திரியையும் யோசிச்சுக்கங்க சார். அவசரம்னா சிதம்பரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் ஓடணும், 25 கிலோமீட்டர் பக்கம். ரயிலும் அங்கதான். அப்பாவுக்கு சுகர், பிரஷர் இருந்தா மெயின் ரோட்டுலேருந்து உள்ள தள்ளி வாங்காதீங்க, வெள்ளத்துல ஆம்புலன்ஸ் வராது.

வீராணத்துப்பேரன்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றிக்கா. நேத்து அந்த மாடி வீட்டுக்குத் திரும்ப போனேன். மீட்டர் பெட்டி என் தலைக்கு மேல, கீழ பழைய பெட்டி இருந்த எடத்துல நாலு ஆணி ஓட்டை சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்கு. பக்கத்து வீட்டுப் பாட்டி தேக்குக் கதவத் தொறந்து "இதுவரைக்கும்"னு கைய வெச்சுக் காட்டுனாங்க, என் தொடைக்கு மேல. வாசப்படி ரோட்ட விட ஒரு அடிதான் ஒசரம். ஓட்டு வீடும் அ-பதிவேட்டுல கோயில் பேர்தான்.

அம்மா கிட்ட ரெண்டையும் சொன்னேன், ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "ஏரி தெரியலன்னா பரவால்லப்பா, காத்து வந்தா போதும்"னாங்க. பட்டா உள்ள மண்ணு, மெயின் ரோட்டுப் பக்கம், ரோட்ட விட மூணடியாவது ஒசந்த வீடு, சின்னதா இருந்தாலும் சரி, 25 லட்சத்துக்குள்ள யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. கொல்லையில கெணறு இருந்தா இன்னும் நல்லது.