புதிய சென்சார் மாட்டியும் பி 0122 திரும்ப வருகிறது: த்ராட்டில் அளவீடு நடுவில் சுழியமாக விழுவது ஏன்?

மலைப்பாதை எழுதியது:

வணக்கம். என்னுடையது 2014ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆக்சிலேட்டர் கேபிளே த்ராட்டிலை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூடியை) இழுக்கும் பழைய அமைப்பு. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில், யாரோ பின்னாலிருந்து இழுத்ததைப் போல ஒரு நொடி வெட்டிவிட்டு மீண்டும் பாய்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி 0122 மட்டுமே இருக்கிறது, அதாவது த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் மின்னழுத்தம் குறைவு.

முதலில் ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுழலும் வேகம்) ஏறி இறங்குகிறது என்றுதான் வண்டியைப் பட்டறையில் விட்டேன். த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவி, சென்சாரையும் மீட்டர் வைத்துப் பார்த்துத் தந்தார்கள். ஐட்லிங் சரியானது. இந்த வெட்டு அதன்பின் சில வாரங்களில் தொடங்கியது. சென்சார் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதியதை மாட்டினார்கள். பத்து நாள் கழித்து அதே குறியீடு வந்துவிட்டது.

ப்ளூடூத் ஸ்கேனரில் பதிவு செய்து பார்த்தேன். ஆக்சிலேட்டரைத் தொடாதபோது 12 சதவீதம், முழுவதும் அழுத்தினால் 84 சதவீதம். வெட்டும் நொடியில் மட்டும் 20 சதவீதத்தை ஒட்டிய இடத்திலிருந்து நேராக 0. இரண்டாவது சென்சாரும் பழுதா, அல்லது ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா?

முள்மீட்டர் எழுதியது:

ஐயா, இரண்டும் இல்லை என்பதற்கான சான்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். த்ராட்டில் முழுவதும் மூடியிருக்கும்போதே உங்கள் வண்டி 12 சதவீதம் காட்டுகிறது. 5 வோல்ட்டில் 12 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.6 வோல்ட். இந்த அடிமட்டத்தை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். எந்த நிலையிலும் சென்சார் அதற்குக் கீழே போக முடியாது என்பதால், 0 வந்தாலே அது மூடிய த்ராட்டிலைக் குறிப்பதில்லை, எங்கோ இணைப்பு விட்டுப்போனதைக் குறிக்கிறது என்று ஈ.சி.யூ. புரிந்துகொள்கிறது. பி 0122 என்பது சென்சாரின் பெயர் அன்று. சென்சார், கப்ளர் (சென்சாரில் வயர்களை மாட்டும் இணைப்பி), வயர், ஈ.சி.யூ. என்று அந்தச் சுற்று முழுவதின் பெயர்.

சென்சாரில் மூன்று வயர்கள் இருக்கும்: ஈ.சி.யூ. அனுப்பும் 5 வோல்ட், எர்த், நடுவிலிருந்து திரும்பும் சிக்னல். எர்த் வயர் விட்டுப்போனால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறி பி 0123 வரும். 5 வோல்ட் வயரோ சிக்னல் வயரோ விட்டுப்போனால் சிக்னல் கீழே விழுந்து பி 0122 வரும். உங்களுக்கு எப்போதும் 0122 மட்டுமே வருவதால் எர்த்தை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். பல வண்டிகளில் இதே 5 வோல்ட் தான் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) அழுத்த சென்சாருக்கும் போகிறது. வெட்டும் நொடியில் அந்த அழுத்த அளவீடும் சேர்ந்து விழுந்தால் 5 வோல்ட் மூலத்திலேயே கோளாறு. பெரும்பாலும் பி 0641 போன்ற குறியீடும் உடன் வந்திருக்கும். அழுத்தம் அசையாமல் நின்றால், பழுது த்ராட்டில் சென்சாருக்கு மட்டும் பிரிந்து போகும் கிளையில் இருக்கிறது.

தேய்மானம் என்று பட்டறையில் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. சென்சாருக்குள் இருக்கும் கார்பன் தடத்தின்மேல் ஒரு சிறு துடைப்பான் நகர்கிறது. அன்றாட ஓட்டத்தில் அது ஐட்லிங்கை ஒட்டிய குறுகிய இடத்திலேயே உரசிக்கொண்டிருப்பதால் அங்கேதான் தடம் முதலில் அரிபடும். ஆனால் தேய்ந்த தடம், வண்டி நின்றாலும் ஓடினாலும் அதே இடத்தில்தான் விழும். ஆகவே இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஆக்சிலேட்டரை மிக மெதுவாக, பத்து நொடி எடுத்துக்கொண்டு, கீழ்வரை அழுத்திப் பாருங்கள். இதற்குப் பழைய முள் மீட்டரையே நான் நம்புகிறேன்; டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் விழுந்த சிக்னல் எழுந்துவிடும், முள்ளோ துடித்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

புதுப்பேட்டைக்காரன் எழுதியது:

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். கேள்வியில் போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு வரி மட்டும் என் கண்ணில் உறுத்துகிறது. ஐட்லிங்குக்காக வண்டியை விட்டபோது சென்சாரை "மீட்டர் வைத்துப் பார்த்துத் தந்தார்கள்"; வெட்டு தொடங்கியது அதற்குப் பிறகு. கப்ளரைக் கழற்றி, அதன் வாய்ப்பக்கத்தில் மீட்டரின் தடித்த முனையைக் குத்தி 5 வோல்ட் பார்ப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். கப்ளரின் துளையில் இருக்கும் பெண் பின்னுக்குள் உள்ள மெல்லிய தகடு, சென்சாரின் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஆண் பின்னைக் கவ்வுவதற்காக வளைக்கப்பட்டது. அதற்குள் இரண்டு மில்லிமீட்டர் கம்பி ஒருமுறை நுழைந்தால் தகடு விரிந்துவிடும், பிறகு அது தானாக ஒடுங்காது. நின்ற வண்டியில் தொடுகை இருக்கும், இன்ஜின் குலுங்கும்போது விட்டுவிடும். மேடேறும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் தன் தாங்கிகளில் சாய்வது உங்களுக்கே தெரியும். வெட்டு எப்போதும் 20 சதவீதத்தை ஒட்டி வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தடத்தில் அந்த இடம் கெட்டிருக்கிறது என்பதைவிட, அந்தச் சாய்வு வரும் நேரத்தில் உங்கள் கால் அங்கே இருக்கிறது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

சோதிப்பது எளிது. கப்ளரை மாட்டிய நிலையிலேயே, வயர் நுழையும் பின்பக்கத்தில் ரப்பர் சீலை ஒட்டி ஒரு மெல்லிய குண்டூசியை நுழைத்து அளவெடுங்கள். ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. 5 வோல்ட்டையும் எர்த்தையும் சேர்த்துவிட்டால் வேறு செலவு வரும். கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கி எறியவில்லை என்றால் அதைப் பத்திரமாக வையுங்கள், தேவைப்படும்.

மலைப்பாதை எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை முழுவதும் இதிலேயே போனது.

முதலில் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். த்ராட்டில் 0 ஆன நொடியில் மேனிஃபோல்டு அழுத்தம் 71 கிலோபாஸ்கல், அதற்கு முன்னும் பின்னும் அதே அளவுதான். இன்ஜின் சுழற்சியிலும் பெரிய மாற்றமில்லை. ஆகவே 5 வோல்ட் மூலம் நலம். சாவியை மட்டும் திருப்பி மெதுவாக அழுத்தியபோது 12லிருந்து 84 வரை ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. ஐந்து முறை செய்தேன்.

பிறகு குண்டூசி வைத்து 5 வோல்ட் வயரை அளந்தேன்: 4.98 வோல்ட். சிக்னல் வயரில் 0.61 வோல்ட். கப்ளரை இரு விரல்களால் பிடித்து இன்ஜின் பக்கமாக ஒரு நூலளவு சாய்த்தேன், சிக்னல் 0.02க்கு விழுந்தது, 5 வோல்ட் வயரோ 4.98லேயே நின்றது. விட்டதும் 0.61. இதைக் கண்ட மகிழ்ச்சியில் என் மனைவியை அழைத்துக் காட்டினேன். அவருக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

பழைய சென்சார் எதற்கு என்று இப்போது புரிந்தது. அதன் பிளாஸ்டிக்கை உடைத்து ஒரு பின்னைத் தனியே எடுத்து, கப்ளரின் மூன்று துளைகளிலும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஓரத்துத் துளைகள் இரண்டும் பின்னைக் கவ்விப் பிடித்தன, இழுத்தால் விரலுக்கு அது தெரிந்தது. சிக்னல் வயரின் நடுத்துளையில் நுழைத்துக் கப்ளரைத் தலைகீழாகத் திருப்பியதும் பின் தானாகவே தரையில் விழுந்தது. உடைப்பதற்கு முன் அந்தச் சென்சாரை அண்டை வீட்டு ரேடியோ மெக்கானிக்கின் முள் மீட்டரில் மெதுவாகத் திருப்பிப் பார்த்திருந்தேன். ஓரிடத்திலும் முள் துடிக்கவில்லை. நல்ல சென்சாரை மாற்றியிருக்கிறோம்.

இப்போது என் கேள்வி: விரிந்த தகட்டை மூக்குக் குறடால் நெருக்கிவிட்டால் போதுமா?

புதுப்பேட்டைக்காரன் எழுதியது:

வீடு வரை கொண்டுவர அது போதும். வால்பாறை வரை போதாது. ஒருமுறை விரிந்த தகட்டில் விசை இருக்காது, நெருக்கினாலும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். அதே வகைக் கப்ளர், வயர் வாலோடு, பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது உங்கள் கையில் இருக்கும் அந்தப் பழைய பின்னை எடுத்துச் சென்று மூன்று துளைகளிலும் கவ்வுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மூன்று வயர்களையும் ஒரே இடத்தில் இணைக்காமல், ஒன்றிலிருந்து ஒன்று இரண்டு அங்குலம் தள்ளி இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். வெறும் டேப் இன்ஜின் வெப்பத்தில் பிசின் உருகி வழுக்கிவிடும்.

கிழக்குக்கடற்கரை எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது கேபிள் இல்லாத மின்னணு த்ராட்டில். குறியீடு பி 2135. இதே சோதனைகள் பொருந்துமா?

முள்மீட்டர் எழுதியது:

முறை பொருந்தும், எண்கள் மாறும். உங்கள் த்ராட்டில் பாடிக்குள் இரண்டு சென்சார்கள் உள்ளன. ஒன்றை மற்றொன்றோடு ஈ.சி.யூ. ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சில வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கும், எந்த நிலையிலும் கூட்டினால் 5 வோல்ட்டை ஒட்டி வரும். வேறு சிலவற்றில் இரண்டும் வெவ்வேறு சரிவில் ஏறும். பி 2135 என்றால் இரண்டின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. உங்கள் மாடலில் எந்த வகை என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டு அளவெடுங்கள். சாவி திருப்பியிருக்கும்போது த்ராட்டில் மூடியை விரலால் தள்ளிப் பார்க்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் மோட்டார் விரலை நசுக்கிவிடும்.

மலைப்பாதை எழுதியது:

கோயம்புத்தூரில் கப்ளர் கிடைத்தது. முதலில் காட்டியதில் நடுத்துளை தளர்வாக இருந்தது. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறொன்று எடுத்துக் கொடுத்தார். மாட்டிய பின் கப்ளரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் 0.61 அசையவில்லை. ஞாயிறன்று அட்டகட்டி வரை ஏறி இறங்கினேன். பதிவில் த்ராட்டில் ஓரிடத்திலும் 12க்குக் கீழே போகவில்லை, குறியீடும் இல்லை. வயர் கட்டைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் ஒன்று த்ராட்டில் பாடியைக் கழுவியபோதே காணாமல் போயிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். தற்காலிகமாக நைலான் பட்டையால் கட்டியிருக்கிறேன்.

புதுப்பேட்டைக்காரன் எழுதியது:

நைலான் பட்டையே போதும். இறுக்கிக் கட்டாமல், இன்ஜின் சாயும்போது கப்ளரை இழுக்காத அளவுக்கு வயரில் ஒரு சிறு தொய்வை விட்டுக் கட்டுங்கள்.