ரவி பணி நிறைவு – ஞாயிறு விழா

*(குடும்பக் குழு. ரவியை இதில் சேர்க்கவில்லை.)*

கார்த்தி: அப்பாவுக்குக் கொடுக்கப்போகிற வாழ்த்து மடல் இது. பிரேம் கடைக்காரர் 6 மணிக்குள் கேட்கிறார். பார்த்துச் சொல்லுங்கள் 🙏

கார்த்தி: 📷 படம்

சுமதி: முதல் வரியே சரியில்லையே. "ஹிஸ் சர்வீஸ் கேனாட் பி ஓவர்எஸ்டிமேட்டட்". ரவி அண்ணன் உழைப்பை யாரும் பெரிதாக எடுக்கக்கூடாதா?

செல்வம்: அதானே. ஓவர் என்றாலே குறைதான்

வித்யா: அத்தை, அது அண்டர்எஸ்டிமேட்டட் என்று வரவேண்டும்

கார்த்தி: மாற்றிவிடட்டுமா?

மல்லிகா: ஞாயிறு எத்தனை இலை? சமையல்காரர் காலையிலிருந்து கேட்கிறார்

சுமதி: 250

செல்வம்: 350 சொல். அஞ்சலகத்து ஆட்களே 60 பேர் வருவார்கள்

சுமதி: கார்த்தி கிரகப்பிரவேசத்துக்கும் இப்படித்தான் சொன்னாய். சாம்பாரை அண்டா அண்டாவாகத் தெருவுக்கே கொடுத்தோம்

நடராஜன்: மாற்றாதே கார்த்தி. இரு, எழுதுகிறேன்.

வித்யா: அப்பா டைப் செய்கிறார் 😄

மல்லிகா: அதற்குள் பந்தல்காரரிடம் பேசிவிடுகிறேன்

நடராஜன்: ஓவர்எஸ்டிமேட் என்றால் உள்ளதைவிடக் கூடுதலாக மதிப்பது. அதோடு கேனாட் சேர்ந்தால், எவ்வளவு உயர்த்தி மதித்தாலும் அது கூடுதல் ஆகாது, சேவை அவ்வளவு பெரியது என்று பொருள். புகழ்ச்சிதான், சுமதி. வித்யா சொல்கிறபடி அண்டர் என்று போட்டால், எவ்வளவு தாழ்த்தினாலும் தாழ்த்தியதாகாது என்று வரும். மதிப்பே இல்லாத சேவை என்று நாமே கண்ணாடி போட்டு மாட்டியது போலாகிவிடும். ஆங்கிலேயர்களே இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அண்டர்தான் வேண்டும் என்றால் கேனாட்டை எடுத்துவிட்டு "ஷுட் நாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்" என்று போடலாம். குறைத்து எடைபோடக் கூடாது என்று ஆகிவிடும்.

சுமதி: பாதி புரிந்தது

நடராஜன்: 1492இல் கொலம்பஸ் மேற்கே போய் ஆசியாவைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினார். ஆசியா கிழக்கே எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை ஓவர்எஸ்டிமேட் செய்தார், பூமியின் சுற்றளவை அண்டர்எஸ்டிமேட் செய்தார். இரண்டும் சேர்ந்துதான் வழி கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றியது. நம் வீட்டிலேயே வேண்டுமானால், செல்வம் ஆற்றங்கரை மனைக்குப் போட்ட விலை.

செல்வம்: அந்தப் பேச்சு இங்கே எதற்கு அண்ணா

மல்லிகா: மாமா, அதை விடுங்களேன்

வித்யா: ஓவர்ரேட்டட் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

நடராஜன்: பக்கத்தில் வரும். ஆள், ஓட்டல், படம் இவற்றுக்குத் தகுதிக்கு மேல் பெயர் கிடைத்தால் ஓவர்ரேட்டட். தூரம், செலவு, கூட்டம், எதிராளியின் பலம் என்று கணக்குப் போடுகிற இடத்தில் ஓவர்எஸ்டிமேட்.

சுமதி: அப்போது 350 இலை ஓவர்எஸ்டிமேட்

செல்வம்: சாப்பாடு பற்றாமல் போனால் யார் பதில் சொல்வது?

நடராஜன்: கார்த்தி, மேடையில் படிக்கும்போது "மேட்டட்" என்று இழுத்துச் சொல். "ஆன் ஓவர்எஸ்டிமிட்" என்று பெயர்ச்சொல்லாக வந்தால்தான் "மிட்".

கார்த்தி: சரி பெரியப்பா

நடராஜன்: இன்னொன்று. மணியார்டர் வாங்க வரும் கிழவிகள் கைநாட்டு வைத்ததும், ரவி ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அவர்கள் கட்டைவிரல் மையைத் துடைத்துவிடுவான். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை விடமாட்டான். நானே பார்த்திருக்கிறேன். அவனுக்கு இந்த வரி பொருந்தும்.

சுமதி: இதையே தமிழில் போடலாமே அண்ணா. வருகிறவர்களில் எத்தனை பேர் இங்கிலீஷ் படிப்பார்கள்?

வித்யா: அத்தை சொல்வது சரி 👍

கார்த்தி: இடம் இல்லையே அத்தை. எழுத்தைச் சின்னதாக்கினால் கீழே ஒரு வரி நுழைக்கலாம்

நடராஜன்: எண்ணெய் விஷயம் வரட்டும். ஆங்கில வரியும் இருக்கட்டும்.

வித்யா: ஷுட் நாட் என்று போட்டால் யாருக்கும் சந்தேகம் வராதே அப்பா

கார்த்தி: மணி 5:40. இரண்டு மாதிரியாகவும் கடைக்கு அனுப்புகிறேன். எது நன்றாக இருக்கிறதோ அது

மல்லிகா: சமையல்காரரிடம் 300 சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வரை மாற்றலாமாம்

செல்வம்: 350தான் சரி. மாலைக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்?

சுமதி: மல்லிகா சொல்லவில்லையா?

மல்லிகா: நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்களே அண்ணி