மறு: மீட்பு நாய்க்கான முதல் சோதனை – ‘தகுதித் தேர்வு’ வேண்டாம், ‘இயல்பறி சோதனை’ வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

மீட்பு நாய்க் கையேட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வளர்க்கும் நாய் தேடல், மீட்புப் பணிக்கு ஆகுமா ஆகாதா என்று முதலில் பார்க்கிற சோதனைக்கு ‘தகுதித் தேர்வு’ என்று பெயர் வைக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தகுதித் தேர்வு என்றால் நம் காதில் விழுவது ஆசிரியர் தகுதித் தேர்வு மாதிரி ஒன்று. படித்து, தயாராகி, போய் எழுதி, தேறினால் சான்றிதழ். மீட்பு நாய்களுக்கும் அப்படி ஒரு தேர்வு உண்டு, ஆனால் அது கடைசியில் வருவது. அமெரிக்காவில் ஃபெமா என்கிற பேரிடர் மேலாண்மை அமைப்பு நடத்துகிற தேர்வில், கான்கிரீட் இடிபாட்டுக் குவியலுக்குள் ஆட்களை ஒளித்துவைத்துவிட்டு நாயை ஏவுவார்கள். நாய் தானாகத் தேடிப் போய், ஆள் இருக்கிற இடத்தில் நின்று விடாமல் குரைக்க வேண்டும், ஆள் இல்லாத இடத்தில் குரைத்தால் அது பிழையாகக் கணக்காகும். தேறினாலும் 3 ஆண்டில் மறுபடி எழுதியாக வேண்டும். ‘தகுதித் தேர்வு’ என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும். அதை இப்போதே முதல் சோதனைக்குக் கொடுத்துவிட்டால், கடைசித் தேர்வுக்கு என்ன பெயர் வைப்போம்?

நாம் பெயர் தேடுவது அதற்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முன்னால் நடப்பது. இந்த நாய்க்கு இத்தனை உழைப்பைப் போடலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. உட்காரு, படு, வா என்ற கட்டளை ஒன்றுகூடத் தெரியாத நாய் இதில் முதலிடம் பிடிக்கலாம். எல்லாக் கட்டளைக்கும் கச்சிதமாக நடக்கிற நாய் பாதியிலேயே வெளியேறலாம். கற்றதை விட்டுவிட்டு, கூடவே பிறந்ததைப் பார்க்கிறோம். அதனால்தான் ‘இயல்பறி சோதனை’ என்று முன்மொழிகிறேன். (நடுவில் ‘ச்’ வராதா என்று கேட்ட நண்பருக்கு: ‘இயல்பறி’ இங்கே வினைத்தொகையாக நிற்கிறது, ஒற்று மிகாது.)

இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1995இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்புக்குப் பிறகு தன் நாய் மர்ஃபியோடு தேடப்போன வில்மா மெல்வில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, நாட்டில் பயிற்சி பெற்ற நாய்கள் இவ்வளவு குறைவா என்று கவலைப்பட்டு, 1996இல் கலிஃபோர்னியாவில் தேடல் நாய்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அவர்கள் பெரும்பாலும் காப்பகங்களிலிருந்துதான் நாய்களை எடுக்கிறார்கள். அங்கே வந்து சேர்கிற நாய்களில் பல, ‘எங்களால் சமாளிக்க முடியவில்லை, ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பந்தை வைத்துக்கொண்டு உயிரை எடுக்கிறது’ என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவை. ஒரு வீட்டுக்குத் தொல்லையான அதே குணத்தைத்தான் இடிபாட்டுக்குள் தேடச் சொல்லும்போது கேட்கிறோம். இப்படிப்பட்ட நாயைப் பார்த்து ‘தகுதி’ என்று பேசுவதை விட ‘இயல்பு’ என்று பேசுவதுதான் உண்மைக்குக் கிட்டே வரும்.

> ஹன்ட் டிரைவ் என்பதற்கு ‘வேட்டை உந்தல்’ சரியாக இருக்குமே?

இந்த ஒரு சொல்லில்தான் நாம் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இயல்பறி சோதனையின் உயிரே இதில் இருக்கிறது. தமிழில் வேட்டை நாய் என்றதும் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பின்னால் பாய்கிற காட்சிதான் வரும். அவை கண்ணால் பார்த்து ஓடுகிற நாய்கள். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர், ப்ரே டிரைவ். ஓடுகிற எதையும் துரத்துவது. மீட்புப் பணிக்கு அது மட்டும் இருந்தால் போதாது, இடிபாட்டுக்குள் ஓடுகிற பொருள் ஏது? கண்ணுக்குத் தெரியாததை மூக்கால் தேட வேண்டும், கிடைக்காத நேரத்திலும் விடாமல் தேட வேண்டும், அதுதான் ஹன்ட் டிரைவ். இரண்டையும் ‘வேட்டை’ என்ற ஒரே சொல்லில் கட்டினால் படிக்கிறவர் துரத்துகிற நாயைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

சோதனையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் நண்பர் ஒருவருடைய லாப்ரடாரையும், இன்னொருவர் வீட்டுச் செவலை நாட்டு நாயையும் வைத்துப் பார்த்தோம். நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அதன் கண் முன்னாலேயே பந்தை இடுப்பளவு கோரைப்புல்லுக்குள் எறிய வேண்டும். உடனே விடக்கூடாது. கொஞ்சம் நிறுத்தி, நாயை இரண்டு சுற்றுச் சுற்றி, விழுந்த இடத்தைக் கண் மறந்த பிறகுதான் விட வேண்டும். லாப்ரடார் பாய்ந்து போனது, நாலு எட்டு முகர்ந்தது, பந்து கிடைக்கவில்லை, திரும்பி வந்து எஜமானர் முகத்தைப் பார்த்தது. நல்ல நாய், வீட்டுக்கு அதைவிட இனிய துணை கிடைக்காது, ஆனால் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது. செவலை திரும்பியே பார்க்கவில்லை. புல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது, கூப்பிட்டாலும் காது அசையவில்லை, பந்தின் மணம் காற்றில் வந்த ஒரு இடத்தில் தலை மட்டும் வெடுக்கென்று திரும்பியது, உடம்பு அதன் பின்னால் திரும்பியது, பிறகு நேராகப் போய்க் கவ்விக்கொண்டது. அந்தத் தலைத் திருப்பத்தைத்தான் சோதிப்பவர்கள் காத்திருந்து பார்க்கிறார்கள். (ஒரே நாளில் முடிவு கட்டக்கூடாது, வேறு நாளில் வேறு இடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், வெயிலில் மூச்சிரைக்கிற நாய் சரியாக முகராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.)

எனவே இரண்டு சொற்கள்: ப்ரே டிரைவுக்குத் துரத்துவேட்கை, ஹன்ட் டிரைவுக்குத் தேடுவேட்கை. ‘தேடுபொறி’ நம்மிடம் நிலைத்துவிட்டது, அதே அமைப்பில் ‘தேடுவேட்கை’ யார் வாயிலும் இடறாது. ‘தேடல்’ என்று வைத்தால் இப்போதெல்லாம் அது ஆன்மிகத்துக்கும் இலக்கியத்துக்கும் போய்விடுகிறது. ‘தேடுவெறி’ என்று ஒருவர் சொன்னதில் வேகம் இருக்கிறது, பந்து மேல் வெறியாக இருக்கிறது என்று நாமே பேசுகிறோம், ஆனால் நாயையும் வெறியையும் ஒரே வரியில் வைத்தால் படிக்கிறவருக்கு வெறிநாய்தான் நினைவுக்கு வரும். கையேட்டில் அது வேண்டவே வேண்டாம்.

> வீட்டு நாய்க்குப் பாசம் இருந்தால் போதும், பெட்டிமுடி குவியே சாட்சி.

அந்த நாய் குவியை நானும் மறக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தேடியும் கிடைக்காத இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் சிக்கியிருந்த இடத்தை, அந்த வீட்டில் வளர்ந்த குவிதான் காட்டிக் கொடுத்தது. பிறகு கேரளப் போலீஸ் நாய்ப் பிரிவு அதை எடுத்துப் போய் வைத்திருந்து, பின்னால் குடும்பத்தில் எஞ்சியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நாயின் பாசத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் குவி தேடியது தனக்குத் தெரிந்த குழந்தையை. மீட்பு நாய் தேட வேண்டியது முன்பின் பார்த்திராத யாரோ ஒருவரை, ஒரு நாளும் முகர்ந்திராத ஒரு மனித மணத்தை. 2023 பிப்ரவரியில் துருக்கி நுர்தாகியில் இடிபாட்டுக்கு அடியில் ஆறு வயதுச் சிறுமி உயிரோடு இருப்பதை நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாய் ஜூலி கண்டுபிடித்ததே, அந்தச் சிறுமியை ஜூலிக்கு யாரென்று தெரியும்? குரைத்துக் காட்டினால் தன் விளையாட்டு கிடைக்கும் என்பதுதான் நாய்க்குத் தெரிந்தது. ஆகவே பாசம், விசுவாசம் போன்ற சொற்களை இயல்பறி சோதனையின் அளவுகோல் பெயர்களில் சேர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எஜமானரை விட்டு அரை நிமிடம் பிரிய முடியாத நாய், பாசத்தாலேயே இந்த வேலைக்கு ஆகாமல் போகும்.

மீதிச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயின் பின்னால் ஒரு தகரத் தட்டைப் போட்டு ஓசை எழுப்பிப் பார்க்கிறார்கள், ஆடுகிற பலகை மேல் நடக்கவிடுகிறார்கள், இருட்டான குழாய்க்குள் அனுப்புகிறார்கள். நாய் திடுக்கிடுவது குற்றமில்லை, எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்து தட்டையே முகர்ந்து பார்க்கிறது என்பதைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். இதற்கு ‘மீள்திறன்’ சொன்னார்கள். அதற்கு வேறு துறைகளில் வேறு பொருள் வந்துவிட்டது. மயக்கம் தெளிந்தது, பயம் தெளிந்தது என்கிறோம், அந்தத் ‘தெளிதல்’ இருக்கும்போது வேறு எதற்கு? ‘தெளிவு நேரம்’ என்று வைப்போம். அலர்ட் என்பதற்கு ‘எச்சரிக்கை’ அறவே கூடாது, நாய் யாரையும் எச்சரிக்கவில்லை, ‘இங்கே’ என்று காட்டுகிறது. ‘சுட்டல்’ போதும், ஆள் இல்லாத இடத்தில் குரைத்தால் ‘பொய்ச்சுட்டல்’. ஜூலி குரைத்த பிறகு ரோமியோ என்ற இன்னொரு நாயையும் அனுப்பிப் பார்த்தார்களே, அது ‘உறுதிச்சுட்டல்’. காற்றில் மிதந்து வரும் மணத்தைப் பிடித்துப் போவது காற்றுமோப்பம், ஒருவர் நடந்த வழியைப் பிடித்துப் போவது தடமோப்பம். இவற்றில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன். நாயை நடத்துகிறவரைச் சொல்லும் ‘கையாளுநர்’ எனக்குப் பிடித்த சொல் இல்லை, ஆனால் பரவிவிட்டது, இருக்கட்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ரீஃபைண்ட். காட்டில் காணாமல் போனவரை நாய் கண்டுபிடித்துவிட்டு, குரைக்காமல் கையாளுநரிடம் ஓடி வந்து, தொட்டுக் காட்டி, கூட்டிக்கொண்டு போகும் முறை. ‘மீள்கண்டுபிடிப்பு’ பொருளே மாறிவிடுகிறது. ‘வந்தழைத்தல்’ என்று ஒன்று தோன்றியது, வந்து அழைத்துப் போவதால். அதே வேலைக்குச் சில ஐரோப்பிய நாடுகளில் நாயின் கழுத்தில் ஒரு சிறு கட்டையைத் தொங்கவிட்டிருப்பார்கள், ஆளைக் கண்டதும் நாய் அதை வாயில் கவ்விக்கொண்டு திரும்பும். அதற்குக் ‘கவ்வுகட்டை’.

ராஜபாளையம், சிவகங்கை, கோவில்பட்டிப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் நாயோடு காட்டுக்குப் போன பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருப்பார்கள். முயல் புதருக்குள் மறைந்த பிறகும் விடாமல் முகர்ந்துகொண்டே இருக்கிற நாயையும், திரும்பி வந்து ஆளைக் கூட்டிப் போகிற நாயையும் அவர்கள் எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அப்படி ஒரு சொல் வாய்மொழியில் கிடைத்தால் என் ‘தேடுவேட்கை’யையும் ‘வந்தழைத்தலை’யும் தயங்காமல் எடுத்துவிடலாம்.